மீதி இரண்டு ரூபாய்

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் அண்ணாமலை முழுவதுமாகத் தெரியும். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், மாலை வேளைகளில் அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்தவாறு அமர்ந்திருப்பது என் வழக்கம். சென்ற ஆவணி மாதத்தில் ஒரு நாள் அப்படி அமர்ந்திருந்தபோது மருமகள் மேலே வந்தாள். அவள் கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்கள். நீங்கள்தான் கணக்குப் பார்த்துப் பழகியவர்" என்றாள்.

ஒன்று, என் பேத்தியின் பல் சீரமைப்புக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த செலவு விவரம். பேத்திக்கு 12 வயது. மேல் வரிசையின் முன்பற்கள் இரண்டும் துருத்திக்கொண்டிருக்கின்றன. கீழ் வரிசையில் பற்கள் இடமின்றி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. கம்பி போட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மொத்தம் 45,000 ரூபாய் ஆகும் என்று அதில் எழுதியிருந்தது. மற்றொன்று, என் மகன் சென்னையில் ஒரு கடையில் கேட்டு வாங்கியிருந்த மிதிவண்டியின் விலை விவரம். அது 62,000 ரூபாய்.

மகனுக்கு மிதிவண்டி ஓட்டுவதில் மிகுந்த நாட்டம். விடியுமுன் எழுந்து கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் சுற்றி வந்த பிறகுதான் காபியைத் தொடுவான். இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக மருத்துவர் எச்சரித்ததிலிருந்து அந்த நாட்டம் கடமையாகவும் ஆகிவிட்டது. இப்போதுள்ள வண்டி பழையதுதான் என்றாலும் ஓடுகிறது. புதியதற்காக இரண்டு ஆண்டுகளாக மாதந்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்திருக்கிறான். கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லாத பிள்ளை. "பல்லை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், இப்போது என்ன அவசரம்?" என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறான்.

"நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார், மாமா" என்றாள் மருமகள்.

"பார்க்கலாம் அம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் இறங்கிப் போன பிறகு இருட்டும் வரையில் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. மகன் சொன்ன அதே சொற்களை 1998ஆம் ஆண்டில் இதே குடும்பத்தில் இன்னொருவர் சொன்னார். அவர் வேறு யாருமல்லர், அடியேன்தான்.

அப்போது என் மகளுக்கு 11 வயது. அவளுக்கும் இதே போன்ற பல்வரிசை. நான் பணிபுரிந்த ஊரில் இருந்த பல் மருத்துவர், "இப்போதே கம்பி போட்டுவிடுங்கள், வளரும் வயதுதான் இதற்கு ஏற்ற காலம்" என்றார். செலவு 12,000 ரூபாய். அன்றைய நிலையில் அது சிறு தொகை அன்று. ஆனால் எட்டாத தொகையும் அன்று.

எனக்கு அந்நாளில் கோயில்களைப் படம் எடுக்கும் பித்து இருந்தது. விடுமுறை கிடைத்தால் கேமராவும் முக்காலியுமாகப் புறப்பட்டுவிடுவேன். ஒரு ஃபிலிம் சுருளில் 36 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கழுவும் செலவு, அச்சிடும் செலவு. வீட்டுக் கணக்கு நோட்டில் இந்தச் செலவுகளையெல்லாம் எந்தத் தலைப்பில் எழுதி வந்தேன் தெரியுமா? 'கோயில் கைங்கரியம்' என்ற தலைப்பில்! பொழுதுபோக்கு என்று எழுத மனம் வரவில்லை. கைங்கரியம் என்று எழுதிவிட்டால் அதைக் கேள்வி கேட்பார் யார்?

அந்த ஆண்டு ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி, 14,500 ரூபாய்க்குத் தொலைதூர லென்ஸ் ஒன்று வாங்கினேன். கோபுரத்தின் உச்சி நிலைகளில் உள்ள சுதைச் சிற்பங்களைத் தரையிலிருந்தே நெருக்கமாக எடுக்க அது வேண்டியிருந்தது. மகளின் பல்லை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

என் மனைவி, இப்போது அவள் இல்லை, அதிகம் பேசாதவள். அன்று மட்டும், "பெண் குழந்தையாயிற்றே, முதலில் அதைப் பாருங்களேன்" என்றாள். நான் உடனே குங்கிலியக்கலய நாயனாரைத் துணைக்கு அழைத்தேன். திருக்கடவூர்ப் பெருமானுக்குக் குங்கிலியத் தூபம் இடுவதையே தொண்டாகக் கொண்டவர் அவர். வறுமை முற்றிப் பிள்ளைகள் பசியால் வாடியபோது, நெல் வாங்கி வரும்படி மனைவியார் தம் தாலியைக் கழற்றிக் கொடுத்தார். வழியில் ஒரு வணிகன் குங்கிலியப் பொதியோடு வந்தான். கலயர் தாலியைக் கொடுத்துக் குங்கிலியத்தை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். அன்றிரவே இறைவன் அவர் வீட்டைப் பொன்னாலும் நெல்லாலும் நிரப்பினான். "அவன் பார்த்துக்கொள்வான்" என்று நான் கதையை முடித்தேன்.

என் மனைவி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "அவர் வாங்கிய குங்கிலியம் சாமி முன்னால் எரிந்து புகையாகப் போயிற்று. நீங்கள் வாங்கும் லென்ஸ் நம் வீட்டு அலமாரியில் அல்லவா இருக்கப் போகிறது?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் கோபித்துக்கொண்டேன். பதில் இல்லாதபோது வருகின்ற கோபம் அது.

அடுத்த ஆண்டு இடமாற்றல் வந்தது. அதற்கடுத்த ஆண்டு புதிய ஊரில் வாடகை முன்பணம், பள்ளிக் கட்டணம். பிறகு, "பத்தாம் வகுப்பு முடியட்டும்" என்றோம். பத்தாம் வகுப்பு முடிந்தபோது மகளே, "இனிமேல் வேண்டாம்பா, எல்லாரும் கேலி செய்வார்கள்" என்று சொல்லிவிட்டாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவள் வேண்டாம் என்று சொன்னதை அவளுடைய விருப்பம் என்று எடுத்துக்கொண்டேன். ஐந்து ஆண்டுகள் தள்ளிப் போட்டதன் விளைவு அது என்று எனக்குத் தோன்றவில்லை.

மருமகள் இரண்டு காகிதங்களோடு வந்த அன்றிரவு, பழைய படப் பெட்டியைத் திறந்தேன். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். பல பயணங்களில் மகளும் என்னோடு வந்திருக்கிறாள். முக்காலியைத் தூக்கி வருவது அவள் பொறுப்பு. கங்கைகொண்ட சோழபுரத்தில் சரசுவதி சிற்பத்தின் இதழோரப் புன்னகை சரியாக விழ வேண்டும் என்பதற்காக ஒரு மணி நேரம் வெளிச்சத்துக்குக் காத்திருந்தது நினைவுக்கு வந்தது. அந்தப் படம் அருமையாக வந்திருந்தது. அதே சுருளின் கடைசிப் படத்தில் மகள் நின்றிருந்தாள். வலது கையால் வாயை மூடியிருந்தாள்.

மற்றப் படங்களையும் எடுத்துப் பார்த்தேன். தாராசுரம், திருவெண்காடு, காஞ்சி. எல்லாவற்றிலும் ஒன்று கை வாயை மறைத்திருந்தது, அல்லது உதடுகள் இறுக மூடியிருந்தன. அவளுடைய திருமண ஆல்பத்திலும் அப்படித்தான். பல் தெரிய அவள் சிரித்த படம், அவளுக்கு எட்டு வயதில் எடுத்த ஒன்றே ஒன்று. கல்லில் இருந்த புன்னகைக்காக ஒரு மணி நேரம் காத்து நின்றவன், பக்கத்தில் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை சிரிப்பை மறைத்ததை ஒரு நாளும் கவனிக்கவில்லை.

மறுநாள் செப்டம்பர் 1. பகவான் ரமணர் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த நாள். ஆண்டுதோறும் அன்று காலையில் அய்யங்குளக் கரைக்குப் போய்ச் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு வருவேன். இம்முறை அங்கே அமர்ந்தபோது, பல தடவை படித்த அந்த வரலாறே வேறு விதமாகத் தெரிந்தது. நகைக்கடனும் ரொக்கமும் பார்த்த வங்கிக்காரனின் கண்ணுக்கு அது ஒரு கணக்காகவே தெரிந்தது.

1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29. மதுரையில் 16 வயது வேங்கடராமன் வீட்டை விட்டுப் புறப்பட முடிவு செய்கிறார். பள்ளியில் தனி வகுப்பு இருப்பதாகச் சொன்னபோது, "பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப் போய் என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடு" என்று அண்ணன் நாகசுவாமி சொல்கிறார். கைக்கு வந்தது ஐந்து ரூபாய். பழைய வரைபடத்தைப் பார்த்து, பயணத்துக்கு மூன்று ரூபாய் போதும் என்று கணக்கிடுகிறார். மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் புறப்படுகிறார். தம் தந்தையைத் தேடி அவர் ஆணைப்படி போவதாக எழுதிய அந்தக் கடிதத்தில், அண்ணனுடைய கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

திண்டிவனத்துக்கு எடுத்த பயணச்சீட்டின் விலை 2 ரூபாய் 13 அணா. கையில் மிஞ்சியது மூன்று அணாதான். பிறகு வழியிலேயே விவரம் தெரிந்து விழுப்புரத்தில் இறங்கி, கொஞ்ச தூரம் ரயிலிலும் கொஞ்ச தூரம் நடையுமாகத் திருக்கோவலூர்ப் பக்கம் வந்தார். கீழூரில் தம் காதில் இருந்த கடுக்கன்களை முத்துகிருஷ்ண பாகவதர் என்பவரிடம் அடகு வைத்தார். கடுக்கனின் மதிப்பு ஏறத்தாழ 20 ரூபாய். அவர் வாங்கியது நான்கு ரூபாய். தேவைக்கு மேல் ஒரு காசும் கேட்கவில்லை. அண்ணாமலையாரைத் தரிசித்த பின் எஞ்சியிருந்த மூன்றரை ரூபாயையும் இதே அய்யங்குளத்தில் எறிந்துவிட்டார்.

உலகத்தையே உதறிவிட்டுப் போகிற பிள்ளை, அண்ணனின் படிப்புப் பணத்தில் இரண்டு ரூபாயைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார். எடுத்ததை எடுத்தேன் என்றும், கட்டாததைக் கட்டவில்லை என்றும் எழுதி வைக்கிறார். அருணாசலத்தின் அழைப்புக்காகப் போனவரே கணக்கை மறைக்கவில்லை. அடியேனோ லென்ஸ் வாங்குவதற்காக ஐந்து ரூபாயையும் எடுத்துக்கொண்டு, கைங்கரியம் என்றும் எழுதி வைத்தேன்.

படம் எடுத்ததையே பாவம் என்று நான் சொல்லவில்லை. வங்கிக் கிளையில் நாள் முழுதும் எண்களோடு மல்லுக்கட்டிய எனக்கு அந்தக் கேமராதான் மூச்சு விட இடம் கொடுத்தது. தாய் தந்தையருக்கும் ஒரு மகிழ்ச்சி வேண்டும். அது இல்லாத பெற்றோர் பிள்ளைகளிடம் எரிந்து விழுவார்கள். தவறு, என் மகிழ்ச்சியை அதன் பெயரில் எழுதாமல் இறைவன் பெயரில் எழுதியது. கலயர் தமக்கென்று ஒரு பிடி நெல்லைக்கூட ஒதுக்கிக்கொள்ளவில்லை. நான் ஒதுக்கிக்கொண்டதற்கு அவரைச் சாட்சியாக அழைத்தேன். யாத்திரை, மாலை, உபயம், பஜனை எனக் கோயிலை ஒட்டிச் செய்கிற செலவுகள் எல்லாவற்றிலும் இந்தச் சறுக்கலுக்கு இடம் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வாரமே பேத்தியை அழைத்துக்கொண்டு மருமகளுடன் பல் மருத்துவரிடம் நானும் போனேன். முதலில் ஒன்றைக் கேட்டேன்: "இது அழகுக்காகவா, தேவைக்காகவா?" மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சிலருக்கு அழகுக்காக மட்டும்தான்; அவர்கள் காத்திருக்கலாம். உங்கள் பேத்திக்கு அப்படி அல்ல" என்று கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். நெருங்கிய பற்களுக்கிடையே தூரிகை புகாமல் சொத்தை தொடங்கியிருந்தது. முன்னே துருத்திய பற்கள், விழுந்தால் எளிதில் உடையக்கூடியவை என்றும் சொன்னார்.

கம்பி எப்படி வேலை செய்கிறது என்பதையும் விளக்கினார். பல் எலும்பில் ஆணியைப்போல் அறையப்பட்டிருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் மெல்லிய அழுத்தம் தொடர்ந்து விழுந்தால், அழுத்தம் படும் பக்கத்தில் எலும்பு கரைந்து வழிவிடுகிறது. பல் விலகி வந்த பக்கத்தில் புதிய எலும்பு வளர்ந்து இடத்தை நிரப்புகிறது. அவசரப்பட்டு அழுத்தத்தைக் கூட்டினால் பல்லின் வேருக்கே கேடு. அதனால்தான் இரண்டு ஆண்டுகள். கம்பியைக் கழற்றிய பிறகும், பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாதபடி பிடித்து நிறுத்தும் கருவியை அணிய வேண்டும். அதை அலட்சியம் செய்தால் போட்ட பணமெல்லாம் வீண்.

"பெரியவர்களுக்கும் கம்பி போடலாம். ஆனால் வளரும் பிள்ளைகளுக்குத் தாடையின் வளர்ச்சியையும் நமக்குத் துணையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். வளர்ச்சி நின்றுவிட்டால் பல்லைத்தான் நகர்த்த முடியும், தாடையைச் சரிசெய்ய வேண்டுமானால் அறுவை சிகிச்சைதான்" என்றார்.

எனக்கு மீண்டும் கலய நாயனாரே நினைவுக்கு வந்தார். திருப்பனந்தாளில் சாய்ந்திருந்த சிவலிங்கத்தைச் சோழ மன்னன் யானைகளைப் பூட்டி இழுத்தும் நிமிர்த்த முடியவில்லை. கலயர் தம் கழுத்தில் கயிற்றைப் பூட்டிக்கொண்டு அன்போடு இழுத்தார், நிமிர்ந்தது. 1998இல் அவர் வரலாற்றில் எனக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். தம் கழுத்தையே கொடுத்த மறு பாதியை விட்டுவிட்டேன்.

வாசக அன்பர்களில் பேரன் பேத்திகளுக்கு இந்தச் செலவை எதிர்நோக்கியிருப்பவர்களுக்கு ஒரு செய்தி. பல மருத்துவர்கள் முழுத் தொகையையும் ஒரே நேரத்தில் கேட்பதில்லை. மாதத் தவணைக்கு இசைகிறார்கள். சென்னையில் 1953இல் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் சீரமைப்புக்கென்றே தனித் துறை இருக்கிறது. பல் மருத்துவக் கல்லூரிகளில் செலவு குறைவு. ஆனால் மாதந்தோறும் போய்வரப் பொறுமையும் பயணச் செலவும் வேண்டும். அதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மகனை மாடிக்கு அழைத்தேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. படப் பெட்டியை அவன் முன் வைத்து, "உன் தங்கை இருக்கிற படங்களை மட்டும் எடு" என்றேன். ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தான். பாதி வைத்ததும் கை நின்றுவிட்டது.

"அவள் எப்போதும் இப்படித்தானே நிற்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றான்.

"எப்போதும் இல்லை. எட்டு வயது வரையில் இல்லை" என்றேன். அந்த லென்ஸின் கதையை அவனுக்கு முதல் முறையாகச் சொன்னேன்.

நெடுநேரம் கழித்து, "வண்டி கூடாது என்கிறீர்களா அப்பா?" என்று கேட்டான்.

"கூடாது என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? நீ உடம்பைப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். உன் பழைய வண்டியிலும் மலையைச் சுற்றி வரலாம். புதிய வண்டி அடுத்த ஆண்டும் கடையில் இருக்கும். அவளுடைய 12 வயது அடுத்த ஆண்டு இருக்காது" என்றேன்.

என் ஓய்வூதியத்திலிருந்து முழுத் தொகையையும் நானே கொடுத்திருக்கலாம். கொடுத்தால் மகன் தன் கணக்கைத் தானே பார்க்கும் வாய்ப்புப் போய்விடும் என்று தோன்றியது. முதல் தவணை 10,000 ரூபாயை மட்டும் நான் தருவதாகச் சொன்னேன். "இது உதவி அன்று, 1998இலிருந்து நான் வைத்திருக்கும் பாக்கி" என்றேன். வண்டிக்காக மாதந்தோறும் சேர்த்து வந்த தொகை இனி மருத்துவருக்குப் போகும் என்று அவன் முடிவு செய்தான்.

அன்றிரவு கோயம்புத்தூரில் இருக்கும் மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். செய்தியைச் சொல்லிவிட்டு, "உனக்கும் இப்போது போடலாமாம் அம்மா. மருத்துவரிடம் கேட்டுவிட்டேன். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் சிரித்தாள். அப்போதும் கையால் வாயை மூடியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"எனக்கு எதுக்குப்பா இப்போது? 38 வயதாகிவிட்டது. இந்த முகம் எனக்குப் பழகிவிட்டது. அவளுக்குப் போடுங்கள், அது போதும்" என்றாள். பிறகு சற்று நிறுத்தி, "அப்போது நீங்கள் கவனிக்கவே இல்லை என்று நினைத்திருந்தேன்" என்றாள்.

"கவனிக்கவில்லைதான் அம்மா" என்றேன். அதற்கு மேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

பேத்திக்குக் கம்பி போட்டாகிவிட்டது. முதல் சில நாள் வலியில் தயிர்சாதத்தைத் தவிர வேறெதுவும் சாப்பிட முடியவில்லை. முறுக்கும் சீடையும் இரண்டு ஆண்டுகளுக்குக் கிடையாது என்பதில் அவளுக்குப் பெரிய வருத்தம்.

அன்று மாலை வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்து எழுதினேன். 'பேத்தி பல் சீரமைப்பு, முதல் தவணை, 10,000.' அதன் கீழே, 'மகன் மிதிவண்டி, நிலுவை.' ரத்து என்று எழுதவில்லை. நிலுவை என்றுதான் எழுதினேன். மகளுக்கு உரியதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு வரியை வெற்றாகவே விட்டிருக்கிறேன். அண்ணாமலையார் அறிவார்.